ஆல்போ மான்ஸ்டெராவின் புது இலை ஏன் பச்சையாக வருகிறது?

கேட்டவர் சென்னைக்காரர். மூன்றாவது மாடியில் வீடு, மேற்கே பால்கனி, ஹாலில் வடக்கு ஜன்னல். ஆன்லைனில் சில ஆயிரம் கொடுத்து, இலையில் பச்சையும் வெள்ளையும் கலந்து வரும் மான்ஸ்டெரா ஆல்போ என்ற அலங்காரச் செடியின் கட்டிங் (வேர்விட வைக்கும் தண்டுத்துண்டு) ஒன்றை வாங்கியிருக்கிறார். வந்தபோது இரண்டு இலை, இரண்டிலும் பாதிக்குப் பாதி வெள்ளை. இப்போது வெள்ளைப் பகுதியின் ஓரம் பழுப்பாகக் காய்கிறது. புதிதாக விரிந்த இலையோ ஏறக்குறைய முழுப்பச்சை. காற்றில் ஈரம் கூட்டும் ஹியூமிடிஃபையர் வாங்குங்கள் என்கிறாராம் விற்றவர். அதை வாங்கட்டுமா, செடிக்கென்று குரோ லைட் விளக்கு தேவையா, வெள்ளை திரும்பி வருமா, அடுத்து பிங்க் பிரின்சஸ் என்ற இளஞ்சிவப்புத் திட்டுள்ள செடியை வாங்கிக் கட்டிங் போட்டு விற்றால் போட்ட காசை எடுத்துவிடலாமா என்று நான்கு கேள்விகள்.

ஹியூமிடிஃபையர் வேண்டாம், அந்தக் காசை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றுக்கும் பதில் சொல்ல, அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆல்போ என்பது தனி இனம் இல்லை. தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை காட்டு மரங்களில் தொற்றி ஏறுகிற சாதாரண மான்ஸ்டெரா டெலிசியோசாதான் அதுவும். செடியின் வளர்நுனியில் இருக்கும் செல்களில் சிலவற்றுக்குப் பச்சையம் உண்டாக்கும் திறன் இல்லாமல் போயிருக்கிறது. ஒரே செடிக்குள் இரண்டு வகைச் செல்கள் சேர்ந்து வாழ்கின்றன. தாவரவியலில் இதற்குக் கைமெரா என்று பெயர். வெள்ளை ஓரம் கொண்ட ஜெரேனியம் செடிகளை ஆராய்ந்து, இரண்டு வகைத் திசுக்களும் வளர்நுனியில் அடுக்கடுக்காக அமைந்திருப்பதை 1909இல் விளக்கியவர் எர்வின் பௌர் என்ற ஜெர்மானியர்.

அடுக்கு ஒழுங்காக அமைந்த செடிகளில் கோலம் மாறாது. வீட்டுக்கு வீடு இருக்கும் மஞ்சள் ஓர ஸ்நேக் பிளாண்ட் அப்படிப்பட்டது. ஒவ்வொரு இலையும் அச்சு எடுத்த மாதிரி மஞ்சள் கரையோடு வரும். ஆனால் அதே இலையை வெட்டி மண்ணில் நட்டுப் பாருங்கள், கிளம்பும் கன்று முழுப்பச்சையாக இருக்கும். வெட்டிய இலையின் உள்திசுவிலிருந்து புதிய வளர்நுனி உருவாகும்போது பழைய அடுக்கு கலைந்துவிடுகிறது. கரை வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

ஆல்போவில் இந்த ஒழுங்கு கிடையாது. வெள்ளைச் செல்கள் தண்டின் ஒரு பக்கமாகக் கீற்றுக் கீற்றாக ஓடும். கீற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து இலையில் வெள்ளை அதிகம். கீற்று மெலிந்தால் வெள்ளை குறையும், அறுந்தால் நின்றுவிடும். ஆகவே உங்கள் பச்சை இலை நீங்கள் செய்த தவறு எதற்கும் தண்டனை இல்லை. அந்த இலை விரிவதற்கு வெகுநாள் முன்பே நுனிக்குள் அது தீர்மானமாகிவிட்டது.

வெளிச்சம் கூட்டினால் வெள்ளை திரும்பும், நைட்ரஜன் உரம் போட்டால் பச்சையாகிவிடும் என்றெல்லாம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நுனியில் வெள்ளைச் செல் இல்லை என்றால் எந்த விளக்கும் அதைக் கொண்டுவராது. பச்சைச் செல்லின் மரபை எந்த உரமும் மாற்றாது. வெளிச்சத்தின் வேலை வேறு. வெள்ளைப் பகுதி ஒரு மில்லிகிராம் சர்க்கரைகூடத் தயாரிப்பதில்லை, உட்கார்ந்து சாப்பிடுகிறது. பச்சைப் பகுதி இருவருக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும். இருட்டு மூலையில் வைத்தால் அந்தச் சம்பாத்தியம் போதாமல் போய், வெள்ளைத் திசு முதலில் காயும். பச்சையாக ஓடும் கிளை வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். அதனால் வேரிகேட்டட், அதாவது இலையில் இரு நிறம் கலந்த செடிகளின் பராமரிப்பில் முக்கால்வாசி, பச்சையை நன்றாகச் சாப்பிட வைப்பதுதான்.

இப்போது தண்டைப் பாருங்கள். இலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இலைக்காம்பு தண்டைத் தழுவியிருக்கும் இடம்தான் கணு. அதற்குச் சற்று மேலே குன்றிமணி அளவுக்கு ஒரு புடைப்பு தெரியும், அதுதான் மொட்டு. எதிர்ப்பக்கமோ கீழ்ப்பக்கமோ பழுப்பாகத் தடித்து நீண்டிருப்பது காற்று வேர். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைத்தான் மொட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். மொட்டு இருக்கும் இடத்தில் தண்டின் தோலை ஈரத்துணியால் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கோடுகள் மொட்டுக்கு அடியில் ஓடினால் அந்த மொட்டுக்கு நல்ல எதிர்காலம் உண்டு. மொட்டைச் சுற்றி முழுப்பச்சை என்றால் பெரும்பாலும் பச்சைக் கிளைதான் வரும். முழுவெள்ளை என்றால் பார்க்க அழகான வெள்ளைத் துளிர் வரும், ஆனால் அதற்குச் சோறு போட ஆளில்லை. தாய்த்தண்டு ஊட்டும்வரை இருந்துவிட்டுக் கருகும். தனியாக வெட்டி வேர் விட வைத்தால் சேமிப்பு தீரும்வரைதான் ஆயுள். முழுவெள்ளைக் கட்டிங்கை அரிய சரக்கு என்று கூடுதல் விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்காதீர்கள்.

உங்கள் புது இலையின் காம்பையும், அதை ஒட்டிய தண்டையும் இதே மாதிரி பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கீறல் ஒன்றாவது மேலே தொடர்ந்தால் கத்தியை எடுக்க வேண்டாம், இன்னும் இரண்டு இலைக்குப் பொறுத்துப் பாருங்கள். ஒரு இலை பச்சையாக வந்துவிட்டு அடுத்தது பாதி வெள்ளையாக வருவது ஆல்போவில் சகஜம். இரண்டு இலையும் பச்சையாக வந்து, தண்டிலும் கீறல் அறவே இல்லை என்றால், நல்ல கோடு தெரிந்த கடைசிக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். நுனியை இழந்ததும் கீழ்க்கணுவில் தூங்கும் மொட்டு விழித்துக்கொள்ளும். வெட்டிய பச்சை நுனியைத் தூக்கிப் போட வேண்டாம், தனித் தொட்டியில் நட்டால் அழகான சாதாரண மான்ஸ்டெரா. ஆனால் வெட்டுவதற்கு முன்னால் வேர் நன்றாகப் பிடித்திருக்க வேண்டும். வந்து சில வாரமே ஆன இரண்டு இலைக் கட்டிங்கில் கைவைத்தால் உள்ளதும் போய்விடும்.

வெட்டும் காலமும் முக்கியம். சென்னையில் அக்னி நட்சத்திரத்தில் செடியே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டுக்காயம் காயாமல் அழுகும். ஆடியிலிருந்து புரட்டாசி வரை நல்ல காலம், அது தவறினால் மாசி. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள், கையுறை போடுங்கள். மான்ஸ்டெரா நம் சேனை, சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பம்தான். சேனை நறுக்கினால் கை அரிக்கக் காரணமான அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் சாற்றிலும் உண்டு. வீட்டில் தவழும் குழந்தையோ, எதையும் கடித்துப் பார்க்கும் நாயோ பூனையோ இருந்தால் செடியை எட்டாத இடத்தில் வையுங்கள். மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்.

புதிதாகச் செடி உண்டாக்க, தண்டை வெட்டித் தண்ணீரில் போடுவதைவிட விண்பதியன் எனக்குப் பிடித்த முறை. நல்ல கணுவில் காற்று வேரைச் சேர்த்து, நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிடுங்கள். தாளுக்குள் வெள்ளை வேர்கள் நாலைந்து அங்குலம் ஓடிய பிறகு வெட்டினால் பயம் இல்லை. இலையே இல்லாத வெறும் கணுத்துண்டை வெட் ஸ்டிக் என்று மலிவாக விற்கிறார்கள். பொறுமை உள்ளவர்களுக்கு அது சரி, முதல் செடியாக வாங்குபவருக்கு அது லாட்டரி.

அடுத்தது வெளிச்சம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பாவில் எழுதப்பட்டவை. தெற்கு ஜன்னல் பிரகாசமானது, வடக்கு ஜன்னல் எப்போதும் நிழல் என்று அவை சொல்லும். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போகிறது. அந்த மாதங்களில் உங்கள் வடக்கு ஜன்னலுக்குத்தான் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் வரும். மார்கழியில் அதே ஜன்னலில் ஒரு துளி வெயில் இருக்காது. ஜன்னலுக்குப் பெயர் வைத்து முடிவெடுக்காமல் அளந்து பாருங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் இலவச லக்ஸ் மீட்டர் செயலிகள் போனில் கிடைக்கின்றன. துல்லியம் குறைவுதான், ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். போனை இலை இருக்கும் உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். திறந்தவெளி உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் அளவுக்குப் போகும். நம் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும் ஹாலின் நடுவில் சில நூறுதான் காட்டும். ஆல்போவுக்கு 8,000 முதல் 15,000 லக்ஸ் வரை பகலில் பல மணிநேரம் கிடைத்தால் நிம்மதி.

மேற்குப் பால்கனியில் நேரடியாக வைக்காதீர்கள். சித்திரை மாத மூன்று மணி வெயில் வெள்ளைத் திசுவை ஒரே மதியத்தில் பொசுக்கிவிடும். வடக்கு ஜன்னலை ஒட்டி வைத்து, அளவு குறையும் மாதங்களில் விளக்கால் ஈடுகட்டுங்கள். ஊதா நிற விளக்குகள் தேவையே இல்லை, சாதாரண வெள்ளை எல்இடி போதும். ஒளி பரவாமல் குவிந்து விழும் 20 வாட் விளக்கை இலைக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டு, டைமர் போட்டு 12 மணிநேரம் எரியவிடுங்கள். ஒரு நாளைக்குக் கால் யூனிட்கூட ஆகாது, இரண்டு மாத மின்கட்டணத்தில் 15 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

சரி, பழுப்பு ஓரத்துக்கு வருவோம். பழுப்பு எல்லாம் ஒன்றல்ல. விளிம்பு மட்டும் காகிதம் மாதிரி மொறுமொறுவென்று காய்ந்தால் பெரும்பாலும் உப்பு, அல்லது வேர் ஒருமுறை நன்றாகக் காய்ந்துபோனது. இலையின் நடுவில் வெயில் பட்ட இடத்தில் வெளிறி மெலிந்த பழுப்பு வந்தால் பொசுங்கல். கருப்பும் பழுப்புமாக ஈரமாக, சுற்றி மஞ்சள் வளையத்தோடு நாளுக்கு நாள் பரவினால்தான் கவலைப்பட வேண்டும். அது வேர் அழுகல் அல்லது கிருமி. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்தே ஆக வேண்டும். உறுதியான வெளிர்நிற வேர் நல்லது, கையில் பிடித்தால் தோல் கழன்று நார் மட்டும் நிற்பது அழுகியது. வெள்ளைப் பகுதியில் கொஞ்சம் பழுப்பு காலப்போக்கில் வரத்தான் செய்யும், காய்ந்த இடம் எதைச் செய்தாலும் திரும்ப வெள்ளையாகாது. அதற்காக இலையை வெட்ட வேண்டாம், அதில் மிச்சமிருக்கும் பச்சைதான் இப்போது வேரை வளர்க்கிறது.

நீங்கள் சொன்ன ஓரக்கருகலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் லாரித் தண்ணீரிலும் உப்பு அதிகம். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். செம்பருத்தி அதைத் தாங்கலாம், ஆல்போ தாங்காது. உப்பில் பெரும்பகுதி அந்தக் கழிவுநீரில்தான் சேர்ந்திருக்கிறது. குழாய்நீரும் ஆர்ஓ நீரும் பாதிப்பாதி கலந்து ஊற்றுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மழைநீர் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக வடியவிட்டால் சேர்ந்த உப்பு கழுவிப் போகும். கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீர் கை சுடும் சூட்டில் இருக்கும், அதை அப்படியே ஊற்றிவிடாதீர்கள்.

எப்போது ஊற்றுவது என்றால், விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, காய்ந்திருந்தால் மட்டும். கிழமைக் கணக்கு வேண்டாம். காலையில் இலை நுனியில் நீர்த்துளி தொங்குவதைப் பார்த்து வேர்க்கிறது என்று சிலர் மகிழ்வார்கள். இரவில் கலவை நிறைய ஈரமாக இருந்தால் செடி அப்படி நீரை வெளியே தள்ளும். துளி காய்ந்தபின் அதிலுள்ள உப்பு நுனியிலேயே தங்கும். நுனி மட்டும் கருகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காற்றின் ஈரத்தைப் பொறுத்தவரை, சென்னைக் கடற்காற்றில் இந்தச் செடிக்குத் தேவையானது வருடத்தின் பெரும்பகுதி இலவசமாகவே இருக்கிறது. கோவையிலோ மதுரையிலோ கோடையில் இருப்பவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் ஈரத்தைக் குறைப்பது ஏசி மட்டும்தான். செடி ஏசி அறையில் இருந்தால் வெளியே மாற்றுங்கள், முடியாவிட்டால் காற்று நேராக அடிக்காத மூலையில் வையுங்கள். இலைமேல் தண்ணீர் தெளிப்பதையும் விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் இலையில் வெள்ளைத் திட்டுகள் படியும். ஈரம் இரவெல்லாம் நின்றால் பூஞ்சைக்கு அழைப்பு வைத்த மாதிரி.

கலவை விஷயத்தில் செம்மண்ணை மறந்துவிடுங்கள். மரத்தில் தொற்றி வாழும் செடிக்கு வேரில் காற்று வேண்டும். இரண்டு பங்கு தேங்காய் மட்டைத் துண்டு, ஒரு பங்கு பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்), ஒரு பங்கு நொறுக்கிய அடுப்புக்கரி, அரைப்பங்கு மண்புழு உரம் என்பது என் கணக்கு. கரியும் மட்டைத் துண்டும் ஆர்க்கிட் கலவை விற்கும் நர்சரிகளில் கிடைக்கும். மட்டைத் துண்டையும் தென்னை நார்க்கழிவையும் வாங்கியபடியே போடாதீர்கள், அவற்றில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் இருக்கும். இரவு முழுக்க ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஏற்றுமதிக்குத் தயாராகும் கட்டிகளில் உப்பு குறைவு என்பதைக் குறிக்கும் லோ ஈசி என்ற சொல் போட்டிருந்தால் அது ஏற்கெனவே கழுவியது. தொட்டி சிறியதாக இருக்கட்டும், இரண்டு மூன்று இலைச் செடிக்கு ஐந்து அங்குலம் தாராளம். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 நீரில் கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. புது வேர் ஓடத் தொடங்கிய பிறகு மட்டும்.

பூச்சியில் மாவுப்பூச்சி கண்ணில் படும், துடைத்துவிடலாம். பயப்பட வேண்டியது இலைப்பேனுக்கு. புது இலை சுருண்டிருக்கும்போதே உள்ளே நுழைந்து சுரண்டும். இலை விரியும்போது வெள்ளிப்பூச்சு மாதிரி கீறலும் கரும்புள்ளிகளும் தெரியும். முட்டை இலைத் திசுவுக்குள், கூட்டுப்புழு கலவைக்குள் என்பதால் ஒருமுறை மருந்தடித்து விட்டுவிட்டால் பத்து நாளில் திரும்ப வரும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய ஒரு சொட்டு சோப்பு. ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, ஒரு மாதம் விடாமல். வெயில் சாய்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும், முதலில் ஒரு மூலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள், வெள்ளைப் பகுதி எண்ணெயில் எளிதில் கருகும். எந்தப் புதுச் செடி வந்தாலும் மூன்று வாரம் தனி அறையில்.

கடைசியாகக் காசு. 2021இல் நியூசிலாந்தில் ராபிடோபோரா டெட்ராஸ்பெர்மா என்ற மினி மான்ஸ்டெராவின் வேரிகேட்டட் செடி ஒன்று ஏலத்தில் 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது வந்த விலை அது. பிறகு ஒரு செடியின் சிறு திசுவிலிருந்து ஏராளமான கன்றுகளை உண்டாக்கும் திசு வளர்ப்புக் கூடங்கள் களத்தில் இறங்கின. நீங்கள் கேட்ட பிங்க் பிரின்சஸ் ஃபிலோடென்ட்ரான் அப்படித்தான் அரிய செடி என்ற நிலையிலிருந்து சாதாரண நர்சரிச் செடியாகிவிட்டது. கட்டிங் விற்றுக் காசெடுக்கும் எண்ணத்தில் அதை வாங்குவது இப்போது நடக்காத காரியம், பிடித்திருந்தால் வளர்க்க வாங்குங்கள். தாய்லாந்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாய் கான்ஸ்டலேஷன் மான்ஸ்டெராவும் இதே வழியில் இறங்கிவந்தது. அதில் க்ரீம் நிறப் புள்ளிகள் செடி முழுக்கச் சிதறியிருக்கும், பச்சைக்குத் திரும்புவது அபூர்வம். ஆல்போவின் பரபரப்பு வேண்டாம் என்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். கையைப் பழக்க மட்டும் வேண்டுமென்றால் சிங்கோனியம் ஆல்போ வாங்குங்கள். மலிவு, வேகமாக வளரும், கணு பார்த்து வெட்டும் பாடம் எல்லாம் அதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

பிங்க் காங்கோ என்ற பெயரில் பளபளக்கும் இளஞ்சிவப்பு இலைச் செடி கிடைத்தால் ஒதுங்கிவிடுங்கள். அந்த நிறம் ரசாயனம் கொடுத்து வரவழைத்தது, சில மாதங்களில் புது இலை எல்லாம் பச்சையாகிவிடும். வேரிகேட்டட் மான்ஸ்டெரா விதை என்று பொட்டலத்தில் வருவதும் ஏமாற்று, ஆல்போவின் கோலம் விதை வழியாக வராது. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்தியாவுக்குள் செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் கட்டாயம் என்பதை நினைவில் வையுங்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அது. உள்நாட்டில் வாங்கும்போது இலையின் படத்தோடு நிறுத்தாமல் தண்டின் இரண்டு பக்கமும், மொட்டும், வேரும் தெரியும்படி அன்றைக்கு எடுத்த படம் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.